1384-இல் ஒரு முள்

செருப்பை வாசலில் கழற்றி, வளையலை உருவிப் பைக்குள் போட்ட பிறகுதான் பத்திரகாளி கல்லூரி ஆய்வகத்துக்குள் கால் வைப்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். "சிரிக்கட்டும். எங்கம்மா கம்பெனியில இதான் முதப் பாடம்; உரசி ஒரு பொறி பறந்தாப் போச்சு" என்பாள். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் முருகம்மாளின் மகள் அவள். முனைவர் பட்டத்துக்காக இரண்டு பஸ் மாறி விருதுநகர் வருகிறாள். கிருமிகளைக் கொல்லக்கூடிய பத்துப் புதுச் சேர்மங்களைச் செய்ய வேண்டும்; எல்லாம் மஞ்சள் நிறப் பொடிகள். ஒன்பது முடிந்துவிட்டன.

ஒவ்வொன்றிலும் கடுகளவு எடுத்து, கேபிஆர் என்ற உப்போடு சிறு கல்லுரலில் அரைத்து, பொட்டளவு வில்லையாக அழுத்தி அகச்சிவப்புக் கருவியில் வைக்க வேண்டும்; உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதை அது தாளில் கோடாக வரைந்து காட்டும். மூச்சின் ஈரம்கூட ஆகாது; வாயில் துணி கட்டிக்கொள்வாள். வில்லையை ஜன்னலுக்கு நேரே பிடிப்பாள். வெளியே நிற்கும் வேப்பமரம் அதன் வழியே தெரிந்தால், "அம்புட்டுத்தான், பாஸு!" தெரியாவிட்டால் மறுபடி அரைப்பாள். அலுத்துக்கொள்ளவே மாட்டாள், மகராசி.

2006 தீபாவளி சீசனில், பத்தாவது சேர்மத்தில் வந்தது வம்பு. கருவி வரைந்த தாளில், 1384 என்ற இடத்தில், இருக்கவே கூடாத கூரான முள் ஒன்று நின்றது. வழிகாட்டி முத்துக்கிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரக்கு சுத்தமில்லம்மா. முதல்ல இருந்து செய்."

முதலிலிருந்து செய்ய இரண்டு மாதம் ஆகும். ஆய்வேடு கொடுக்க இருபதே நாள். தவறினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். "பதறாதீக சார். சரக்கு சுத்தம். முள்ளு வேற எங்கனயோ இருந்து வந்திருக்கு" என்றாள் இவள். சேர்மமே போடாமல் வெறும் உப்பை அரைத்து வைத்தாள். அதிலும் அதே முள்!

முந்தைய ஒன்பதுக்கும் இதே உப்புதான்; புதிதாக வந்தது உரல் துடைக்கும் துணி மட்டுமே. அதைக் கையில் எடுத்தாள். போன வாரம் வீட்டில் கிழித்துவந்த பழந்துணி. துவைத்ததுதான், ஆனால் அம்மாவின் கம்பெனிச் சேலையோடு ஒரே கொடியில் கிடந்தது. பட்டாசில் போடும் வெடியுப்பு அந்த இடத்தில்தான் முள் காட்டும். உரலைக் கழுவிக் காயவைத்து, புதுப் பஞ்சால் துடைத்து, சேர்மத்தை மறுபடி அரைத்தாள். முள் போன இடம் தெரியவில்லை.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"எங்க வீட்டுக் கொடியில தினம் காயிறது சார். எனக்குத் தெரியாதா?"

முத்துக்கிருஷ்ணன் புதுத் தாளில் கையெழுத்துப் போட்டார். பழையதைக் கசக்கிக் குப்பைக்கூடைப் பக்கம் கையை நீட்டினார். அவள் சட்டென்று வாங்கி, மேசையில் வைத்து நீவினாள். மாதிரியின் பெயர் என்ற கட்டத்தில் 'முருகம்மாள், தாயில்பட்டி' என்று எழுதி, தன் கோப்பில் முதல் தாளாகச் செருகினாள்.