வீட்டில் எண்ணாத தலைகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று நாற்பது. மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டரிலிருந்து புகை கிளம்பியது. அதைச் சொல்லும் முன் பழைய விஷயம் இரண்டு.

1. முதல் நாள்

தூத்துக்குடி ஹார்பர் தீயணைப்புப் பிரிவில் நான் சேர்ந்த அன்று, எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் ஆயில் ஜெட்டியில் மாக் டிரில், தீ ஒத்திகை. சைரன் கேட்டதும் ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆபீசர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏலே, எங்கல ஓடுத? மொதல்ல எல்லாரும் வந்து நிக்குத அசெம்பிளி பாயிண்ட்ல தலைய எண்ணு. வெளிய வந்தவன் எவனும் திரும்ப உள்ள போவப்படாது."

இருபத்திரண்டு வருடமாகப் புதியவர்களுக்கு நானும் இதையே சொல்லி வந்தேன்.

2. வீட்டு டிரில்

சென்ற வருடம் வீட்டிலும் ஒரு டிரில் நடத்தலாம் என்றேன். மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள்.

"ஹார்பர்ல மணியடிச்சது பத்தலியாக்கும்? நாங்க வேற சல்யூட் அடிக்கணுமோ?"

மகள் ஜெனி கரண்டியால் சல்யூட் அடித்தாள். சிரித்தோம். அத்தோடு விட்டுவிட்டேன்.

3. மூன்று நாற்பது

ஸ்டெல்லாவும் நானும் அடுக்களையில் இருந்தோம். ஜெனி மாடியில் படித்துக்கொண்டிருந்தாள். "பிள்ளையப் பாரு" என்று ஸ்டெல்லாவைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டு, நான் கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே இழுத்தேன். தலையை எண்ணவில்லை.

முன்வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டு அண்ணன் கத்தினார்: "தம்பி, ஸ்டெல்லா உள்ள போயிட்டாளே! 'எம்புள்ள மாடில கெடக்கா'ன்னு என் கைய ஒதறிட்டு ஓடிட்டா!"

நானும் நுழைந்தேன். புகையில் படியை எட்ட முடியவில்லை.

தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் ஸ்டெல்லாவைத் தூக்கி வந்தார்கள். மாடியில் வேறு யாரும் இல்லை என்றார்கள். ஜெனியைக் காணாமல் நான் ஆம்புலன்ஸில் ஏறவில்லை. ஸ்டெல்லா தனியாகப் போனாள். மூன்றாம் நாள் இறந்தாள்.

இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே வீட்டில் ஓரிடம் சொல்லி வையுங்கள். வாசலுக்கு எதிரே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடம். வெளியே வந்தவர் அங்கேயே நிற்க வேண்டும். எங்களுக்கும் ஓரிடம் இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தால் மாதா சிலை இருக்கும் கெபிக்கு வந்து நில் என்று ஜெனிக்கு நாலு வயதிலிருந்தே சொல்லி வளர்த்தோம். அன்று அது எங்கள் இருவருக்கும் நினைவில் வரவில்லை.

அன்றே நாலரைக்கு ஜெனி வந்தாள், செருப்பில்லாமல். பக்கத்து மொட்டைமாடிக்குத் தாண்டி, பின்தெரு வழியாகப் போயிருக்கிறாள்.

"அப்பா, இவ்ளோ நேரமும் கெபிகிட்டதான நின்னேன். ரெண்டு பேரும் ஏன் வரல? அம்மா எங்க?"