கித்தாரை அடிக்காத மனிதர்

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் என் அண்ணனின் கடை இருந்தது. ரேடியோ, டேப்ரெக்கார்டர், டி.வி. என்று எது செத்துப்போய் வந்தாலும் உயிர் கொடுத்து அனுப்புவான். கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கும் மைக்செட் வாடகைக்கு விடுவான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்தியானம் அவனுக்குச் சோறு கொண்டுபோனேன். தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போகும் ஒருவர் கொடுத்திருந்த வீடியோ டெக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே ஒரு கேசட் சிக்கியிருந்தது. அதை வெளியே எடுத்தான். டெக் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, துடைத்து அதையே திரும்பப் போட்டான்.

என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் ஜாஸ் கித்தார்க் கலைஞர் அப்படித்தான் வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி, பித்தான் போட்ட முழுக்கைச் சட்டை. பாங்கியில் டோக்கன் கொடுப்பவர் மாதிரி இருந்தார். முக்காலியில் உட்கார்ந்து கித்தாரைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, இரண்டு கையையும் அதன் கழுத்தில் வைத்தார். வலது கை கம்பியை மீட்டவே இல்லை. இரண்டு கை விரல்களும் கம்பி மேல் விழுந்து விழுந்து எழுந்தன. விழுந்த இடத்திலெல்லாம் சத்தம் பிறந்தது. இடது கை கீழே கனமான சுரங்களை நடத்திக்கொண்டு போக, வலது கை மேலே தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. ஒரே ஆள், ஒரே கித்தார். கேட்டால் இரண்டு பேர்.

கடையில் நின்ற ஒருவர், "என்னலே இவன், அடிக்கவே மாட்டேங்கான்? தடவிக்கிட்டே இருக்கான்" என்றார். அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. கண் முன்னால் இப்படி ஒரு அதிசயம் நடக்கிறது, கண் இருந்தும் பார்க்கமாட்டேன் என்கிறார்களே!

எனக்கு மட்டும் அது தெரிந்ததற்குக் காரணம் உண்டு. அம்மாவும் நானும் வீட்டில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். மருந்து முக்குவதற்கு முன்னால், பள்ளம் பள்ளமாக வெட்டிய மரச்சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் படுக்க வைக்கும் வேலை அது. அதில் வலது கை உசத்தி, இடது கை மட்டம் என்பதெல்லாம் கிடையாது. இரண்டு கை விரல்நுனிகளும் ஒன்றை ஒன்று எதிர்பார்க்காமல் ஓடவேண்டும். எங்கள் தெருவில் என்னைவிட வேகமாக அடுக்குகிறவள் கிடையாது. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், உண்மை அதுதான். அந்த மனிதரின் கைகளைப் பார்க்கப் பார்க்க, மடியில் கிடந்த என் விரல்கள் தானாக அசைய ஆரம்பித்தன.

டெக்கை வாங்க வந்த கப்பல்காரரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அது ஜாஸு தாயி. அமெரிக்காவுல வாசிக்காவ. எழுதி வச்சு வாசிக்கது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அந்த நேரத்துல என்ன தோணுதோ அதான்" என்றார். என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, கேசட்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அண்ணன் கடைக்கு ரிப்பேருக்கு வரும் டெக்குகளில் அதைப் பார்த்துப் பார்த்தே நாடாவைத் தேய்த்துவிட்டேன். எனக்கு உயிரான இடம் ஒன்று அதில் உண்டு. வலது கை விரல் ஒன்று தப்பான கட்டத்தில் விழுந்துவிடும். அவர் முகம் சுளிக்கமாட்டார். சிரித்துக்கொண்டே அதே தப்பை மறுபடியும், அதற்கு மேல் இன்னொரு தடவையும் வாசிப்பார். அப்புறம் அது தப்பாகவே கேட்காது. பாட்டு போக நினைத்த இடமே அதுதான் என்று தோன்றிவிடும். அந்தத் தைரியத்துக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அண்ணன் எனக்காகப் பழைய எலெக்ட்ரிக் கித்தார் ஒன்றை வாங்கி, விரல் பட்டாலே பேசும்படி கம்பிகளைத் தாழ்த்திக் கொடுத்தான். தொடாத கம்பிகள் இரையாமல் இருக்க, கழுத்தின் நுனியில் என் சடை ரிப்பனைச் சுற்றினேன். ஆரம்பத்தில் கேட்கச் சகிக்காது. "ஏட்டி, தகரத்துல ஆலங்கட்டி விழுத மாதிரி இருக்கு" என்பாள் அம்மா. ஒரு வருஷம் கழித்து அவள் அப்படிச் சொல்வதை நிறுத்தினாள். கட்டையைப் பாதியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கித்தாரோடு மேடையில் உட்காரவேண்டும். அண்ணன் மைக்செட் போடுகிற மெல்லிசைக் குழுவின் தலைவர் கீபோர்டு வாசிப்பவர். ஊருக்கே அண்ணாச்சி. அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார், தலை ஆடியது. கண்ணைத் திறந்தார், தலை நின்றுவிட்டது.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. பாக்க நல்லால்லையே தாயி. கித்தாருன்னா கைய வீசி அடிக்கணும்லா. சனம் நம்பாது. வேணும்னா ரெண்டு பாட்டு பாடு."

நான் பாடினால் வண்டி மாடு மிரளும். "பாட்டு வராது அண்ணாச்சி. கித்தார்தான் வரும்" என்றேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முன்னால் அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

கொஞ்ச நாளில் எட்டயபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் கொடை. குழுவில் பாட்டை வாசிக்கிற லீடு கித்தார்க்காரரும் கனமான சுரங்களை வாசிக்கிற பேஸ் கித்தார்க்காரரும் கூடப்பிறந்தவர்கள். இரண்டு பேரும் சேர்ந்தே வேறொரு கல்யாணக் கச்சேரிக்குப் போய்விட்டார்கள் என்று மேடை கட்டி முடித்த பிறகுதான் சேதி வந்தது. அண்ணனுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என்னை அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு பேரு வேலையாச்சே" என்றார்.

"ரெண்டு கை இருக்குல்லா அண்ணாச்சி" என்றேன்.

கித்தார் மைக்செட் வண்டியிலேயே இருந்தது. நான் எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

விளக்கு வைத்த நேரத்தில் ஆரம்பித்தோம். முதல் சினிமாப் பாட்டு முடிவதற்குள் முன்வரிசையில் சலசலப்பு. விழாக் கமிட்டிப் பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டு மேடை ஏறிவிட்டார்.

"நிறுத்துங்க. கேசட்டப் போட்டு ஏமாத்துதீங்களா? அந்தப் பிள்ள ஒரு அடி அடிக்கல. ரெண்டு கித்தார் சத்தம் கேக்குது!"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. "நீங்களே சோதிச்சுப் பாருங்கய்யா" என்று மற்ற வாத்தியங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் மட்டும் வாசித்தேன்.

"இந்தக் கைய எடு" என்றார். வலது கையை எடுத்தேன். பாட்டு நின்றது, கனமான சுரம் மட்டும் நடந்தது. "அத வை, இத எடு." கீழே நடந்துகொண்டிருந்தது நின்று, பாட்டு தனியாக ஓடியது. "ரெண்டையும் எடு." எடுத்தேன். எல்லாச் சத்தமும் நின்றது. அவர் என் பின்னால் போய் மேடைத் திரையைத் தூக்கிப் பார்த்தார். கேசட்டும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

"வை" என்றார், குரல் இறங்கி.

வைத்தேன். அந்தச் சினிமாப் பாட்டை வாசிக்கவில்லை. மத்தியானம் அந்த ஊர்ப் பெண்கள் அடித்த கும்மியின் தாளம் இடது கையில் தானாக வந்தது. வலது கையை அதன் இஷ்டத்துக்கு விட்டேன். ஓரிடத்தில் விரல் தப்பியது. சிரித்துக்கொண்டே அதே தப்பை மறுபடியும் வாசித்தேன், இன்னொரு தடவையும் வாசித்தேன். டிரம்ஸ்காரர் பொறுக்கமாட்டாமல் வந்து சேர்ந்துகொண்டார். முதலில் பெண்கள் பக்கத்திலிருந்துதான் கைதட்டல் கிளம்பியது. பிறகு விசில், குலவை, என்னென்னவோ. எனக்கு இருந்த சந்தோஷத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே பெரிய காரியம்.

பெரியவர் நகரவில்லை. "யாருகிட்ட படிச்ச தாயி?" என்றார்.

"அமெரிக்காவுல ஒருத்தவிய இருக்காவ. கேசட்டுல பாத்துப் படிச்சேன். அவியளுக்கு என்னையத் தெரியாது."

அவர் கை தட்டித் தாம்பாளத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு துண்டை எடுத்து என் தோளில் போட்டார். முடிந்தது என்று நினைத்தேன். தாம்பாளத்திலிருந்து இன்னொரு துண்டை எடுத்தார்.

"இது ஒங்க வாத்தியாருக்கு."

"அவிய எங்க இருக்காவன்னே எனக்குத் தெரியாதுய்யா."

"அதனால என்ன? வித்தையத் தந்தவியளுக்கு மரியாத செய்யாம நாங்க கொடை நடத்துனதில்ல. அவிய வார வரைக்கும் நீ போட்டுக்க."

இன்னொரு தோளில் அதையும் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அண்ணாச்சி மைக்கை இழுத்துத் தொண்டையைச் செருமினார். லீடு கித்தார் என்று சொல்லி என் பெயரைச் சொன்னார். பேஸ் கித்தார் என்று சொல்லி மறுபடியும் என் பெயரைச் சொன்னார். இரண்டு துண்டும் நழுவிவிடாதபடி தோளை நிமிர்த்திக்கொண்டு, அடுத்த பாட்டை ஆரம்பித்தேன்.