அத்தை தூக்கிய இரும்புத் தண்டு

அத்தை அன்றைக்கு ஏன் "சரி" என்றார்? குழம்பில் நான் போடும் உப்பைக்கூட நம்பாமல் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பவர், அறுபத்திரண்டு வயதில் என் பேச்சைக் கேட்டு ஏன் இரும்புத் தண்டைத் தோளில் ஏற்றினார்? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பதில் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கம். விவசாயம் செய்யும் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் பள்ளி ஆசிரியர். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள்; ஒன்றரை வயதில் மகன். அத்தை என்று நான் சொல்வது கணவரின் தாயாரை.

போன ஆண்டு பெரிய வெள்ளியன்று தொடங்கியது இது. எங்கள் கோயிலில் பெஞ்சு கிடையாது, எல்லாரும் தரையில்தான். சிலுவையை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, முழந்தாளிலேயே நகர்ந்து போய், முத்தி செய்துவிட்டு எழுந்து வர வேண்டும். அத்தை போனார், முத்தி செய்தார், எழ முடியவில்லை. இரண்டு பெண்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். முந்தானை சரிந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். தூக்கியவர்களில் ஒருவரான எதிர்வீட்டம்மா வெளியே வந்ததும், "அடுத்த வருசம் உன்னைக் கட்டில்லதான் தூக்கியாரணும் போலக்கீதுக்கா" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

அதன் பிறகு அத்தை கோயிலுக்குப் போகவே இல்லை. ஞாயிறு பூசைக்கு மணியடித்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிடுவார். ஒருநாள் நான் கெஞ்சியபோது சொன்னார்: "நானா எழுந்திரிக்கிற அன்னிக்குப் போறேன். இல்லாட்டி, பொட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போங்க."

அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. பட்டாளத்தில் இருக்கும் கொழுந்தனாருக்கு இன்லண்ட் லெட்டரில் எழுதினேன். உடற்பயிற்சியில் பித்துப் பிடித்தவர் அவர். ஊரில் இருந்தபோது தாமே சிமெண்டில் வட்டுகள் வார்த்து, நடுவில் ஓட்டை விட்டு, ஓர் இரும்புத் தண்டில் கோத்துத் தூக்குவார். அதெல்லாம் மாட்டுக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. பதில் வந்தது.

"அண்ணி, அம்மாவுக்கு முட்டியைவிடத் தொடையில்தான் பலம் குறைந்திருக்கும். முதலில் வெறும் கையோடு முக்காலியில் உட்கார்ந்து எழட்டும். பிறகு உலக்கையைத் தோளில் வைத்து. பிறகு வெறும் தண்டு. கடைசியில்தான் சின்ன வட்டு. ஒருநாள் செய்தால் ஒருநாள் ஓய்வு. ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். முதுகு வளையக் கூடாது. முட்டையும் கடலையும் கொடுங்கள்."

ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அத்தை, "சரி, கதவச் சாத்து" என்றார். அவ்வளவுதான்.

கார்த்திகையில், மாட்டுக் கொட்டகையிலேயே ஆரம்பித்தோம். தை பிறந்தபோது உலக்கை போய் வெறும் தண்டு வந்துவிட்டது. அத்தை தோளில் துண்டை மடித்து வைத்து, தண்டை இரு கையாலும் பிடித்து, முக்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்து எழுவார். நான் எண்ணுவேன். மகன் தூளியில் சிணுங்கினால் எண்ணிக்கை தப்பும். "நாலா, அஞ்சாடி? படிச்சவ, உனக்கே எண்ணத் தெரியல!" என்று அத்தை ஏசுவார். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜெபமாலையை அவர் விரலில் மாட்டினேன். ஒவ்வொரு மணிக்கும் ஒரு மங்கள வார்த்தை ஜெபம், ஒரு ஜெபத்துக்கு ஒரு முறை. முதல் பத்து மணி முடிந்ததும் நிறுத்திவிடலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் மகன் வீறிட்டு அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய், பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுத் திரும்பினேன். அத்தை இன்னும் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. உதடு முணுமுணுத்தது.

"அத்தே! பத்தோட நிறுத்தச் சொன்னேனே!"

கடைசி மணியை முடித்துவிட்டுத்தான் தண்டை இறக்கினார். "ஆரம்பிச்ச ஜெபமாலைய எவளாச்சும் பாதியில வுடுவாளாடி?" என்றார்.

முழு மாலைக்கு ஐம்பத்து மூன்று மங்கள வார்த்தை. ஐம்பத்து மூன்று முறை.

மறுநாள் அத்தையால் கட்டிலிலிருந்து காலை இறக்க முடியவில்லை. தொடை கல்லாகிவிட்டது. கொல்லைக்குப் போக நானும் கணவரும் தாங்கிப் பிடித்தோம். "எங்கம்மாவ என்னா பயில்வான்னு நெனச்சியா? பத்து வரைக்கும் எண்ண ஆள் இல்லையா இந்த வூட்ல?" என்று கணவர் கத்தினார். எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்து, "மாமியாருக்குச் சோறு வைக்காதவளப் பாத்திருக்கேன், இரும்பு வச்சவள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். கணவர் தண்டைப் பரணில் போட்டார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தேன். செய்தது பாவமா, முட்டாள்தனமா என்று மாறி மாறி யோசித்தேன்.

நான்காம் நாள் காலையில் கொட்டகையில் சத்தம். ஓடினேன். அத்தை நின்றுகொண்டிருந்தார்.

"பரண்லேர்ந்து அத எறக்குடி. உம் புருசன் பள்ளிக்கூடம் போயிட்டான்."

"வேணாங்க அத்தே."

"வலி போனதுக்கப்புறம் காலு லேசாக்கீது. எறக்கு. இனிமே மாலை வேணாம், நீயே எண்ணு."

அதற்குப் பிறகு மகன் எவ்வளவு அழுதாலும் பத்து முடியும் வரை நான் அசையவில்லை. தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்த நாட்களிலும் கடலையைக் கையில் திணித்தேன். வெறும் தண்டில் பக்கத்துக்கு ஒரு சின்ன வட்டு ஏறியது. முக்காலியை எடுத்துவிட்டு, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி எழவும் பழகினார்.

பெரிய வெள்ளி வந்தது. அத்தை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். வரிசை நகர நகர நான் எட்டி எட்டிப் பார்த்தேன். எழ முடியாமல் போனால்? அன்றைக்குச் செய்த ஐம்பத்து மூன்று எதையாவது கெடுத்திருந்தால்? அத்தை முழந்தாளில் போனார். முத்தி செய்தார். போன ஆண்டு தூக்கிய இருவரும் இரண்டு பக்கமும் கை நீட்டினார்கள். அத்தை இரண்டு கையையும் மெல்ல ஒதுக்கினார். வலது பாதத்தை ஊன்றினார். நெஞ்சு நிமிர்ந்தது. எழுந்தார். முந்தானை இருந்த இடத்தில் இருந்தது. என் கணவர் ஆண்கள் பக்கத்திலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அடுத்தது எதிர்வீட்டம்மாவின் முறை. அவருக்கு எழும்போது கால் நடுங்கியது. அத்தை திரும்பி வந்து, ஒரே கையில் அவரைத் தூக்கி நிறுத்தினார். வெளியே வந்ததும்தான் வாயைத் திறந்தார்: "கட்டிலு உங்க வூட்ல இருக்குதா, நாங்க கொண்டாரட்டுமா?"

எதிர்வீட்டம்மா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள் காலை, கொட்டகை வாசலில் மூன்று பெண்கள் நின்றார்கள், எதிர்வீட்டம்மாதான் முன்னால். "எங்களுக்கும் எண்ணு கண்ணு" என்றார். அத்தை அதற்குள் தண்டை எடுத்துத் துடைத்துவிட்டார். இரண்டு பேரை வெறும் கையோடு உட்கார்ந்து எழ வைத்தேன். எதிர்வீட்டம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு பிள்ளை பெற்றதில் கர்ப்பப்பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று காதில் சொன்னார். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டாராம். கொழுந்தனாருக்கு இதை எப்படி எழுதுவேன்? எதிர்வீட்டம்மாவை இப்போதைக்கு முக்காலியில் வெறுமனே உட்கார்த்தி வைத்திருக்கிறேன். தினமும் வந்து, "என் முறை எப்போ?" என்று கேட்கிறார். அவர் எடை தூக்கலாமா, கூடாதா? இதைப் படிக்கும் நர்சம்மாவோ, இதே நிலையில் இருந்து தேறிய தாயாரோ இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.