நீளக்கைச் சட்டைக்குள் ஒரு காயம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதச் சனிக்கிழமை. டொரொண்டோவில், ஸ்காபரோ வோபர்ன் பக்கம் இருக்கும் ஒரு வாக்-இன் கிளினிக்கில், மகளின் காதுவலிக்காக எங்கள் முறை வரும்வரை காத்திருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கதிரைகள் எல்லாம் நிரம்பி, சிலர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அன்று அங்கே நடந்ததுதான் என்னை ஒரு மேனேஜர் ஆக்கியது என்று இன்று நினைக்கிறேன். அந்தப் பதவியை எனக்கு அதற்கும் நான்கு வருடங்களுக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நான் வேலை செய்வது ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய லோண்ட்ரியில். படுக்கை விரிப்பு, துவாய், மேசைத் துணி என்று நாள் முழுக்க வண்டி வண்டியாக வந்து போகும். கனடாவுக்கு வந்த புதிதில் அங்கே துவாய் மடிக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். பிறகு லைன் லீட், சூப்பர்வைசர், கடைசியில் புரொடக்சன் மேனேஜர். என்னோடு வேலை செய்பவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துப் பெண்கள், மீதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர்களும் வேறு நாட்டவர்களும். ஒரு காலத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று மடித்தவள் நான் என்பதால் எனக்குள் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இவர்களைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு.

சாப்பாட்டு அறை வாசலில் நான் ஒரு பெரிய போர்டு வைத்திருந்தேன். கடைசியாக விபத்து நடந்து எத்தனை நாள் ஆகிறது என்று தினமும் காலையில் அதில் நானே எழுதுவேன். வருகிற வெள்ளிக்கிழமையோடு முழுதாக ஒரு வருடம். அன்று எல்லோருக்கும் பெரிய பார்ட்டி, ஆளுக்கொரு பரிசு என்று சொல்லியிருந்தேன். அதற்கு முதல் நாள் வியாழக்கிழமை, ஒரு பெரிய ஹோட்டல்காரர்கள் எங்கள் இடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் புது ஒப்பந்தம். எல்லாம் நன்றாகக் கூடிவருகிறது என்று சந்தோஷமாக இருந்தேன்.

கிளினிக்கில் எனக்கு எதிர் வரிசையில், எங்கள் லோண்ட்ரியில் தேய்க்கிற மெஷினில் வேலை செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். என்னை விடப் பத்து வயது மூத்தவர். டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்டில் கணவரோடு இருக்கிறார். அவர் என்னைக் கவனிக்கவில்லை. நீளக்கைச் சட்டையின் ஒரு கையை மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டிருந்தார். துணி தோலோடு ஒட்டியிருந்தது போல. முகத்தைச் சுளித்தார். நிமிர்ந்து பார்த்தபோது என்னைக் கண்டதும் சட்டென்று கையைக் கீழே இறக்கிவிட்டார். அந்த அவசரத்தில் அவருக்கு வலித்திருக்க வேண்டும், கண் கலங்கியது.

முதல் நாள் வெள்ளிக்கிழமை, அந்த வெக்கையான இடத்தில் அவர் மட்டும் நீளக்கைச் சட்டையோடு நின்றது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "குளிருதோ அக்கா?" என்று பகிடியாகக் கேட்டுவிட்டு நான் என்பாட்டில் போயிருந்தேன்.

மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"கையிலை என்னக்கா?"

"ஒண்டுமில்லைத் தங்கச்சி. வடை சுடேக்கை எண்ணெய் தெறிச்சுப்போட்டுது."

காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். பிறகு காட்டினார். முழங்கைக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு, அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தது போல ஒரு சூட்டுக் காயம். தோல் கழன்று சிவந்திருந்தது. நானும் அந்த மெஷினில் வேலை செய்தவள்.

"எண்ணெய் உப்பிடிக் கோடு போட்டமாதிரித் தெறிக்காது அக்கா. உது எங்கடை மெஷின் சுட்டது."

அவர் சட்டைக்கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார். வியாழக்கிழமை பின்னேரம் நடந்தது என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்லுறது? வாற வெள்ளி ஒரு வருசம் முடியுது. பெட்டையள் பார்ட்டிக்கெண்டு உடுப்புக்கூட எடுத்து வைச்சிருக்கினம். என்னாலை எல்லாம் குழம்பினா ஆர் பிறகு என்னோடை முகம் குடுத்துக் கதைப்பினம்? உங்களுக்கும் மேலிடத்திலை கெட்ட பேர். நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டு இந்த இடத்துக்கு வந்தனீங்கள்."

என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று அந்த மனுஷி இரண்டு நாள் காயத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

ஆனாலும் ஒன்று புரியவில்லை. அந்த மெஷினில் பெரிய சூடான உருளைகள் இருக்கும். ஈர விரிப்பை முன்னால் கொடுத்தால் மறுபக்கம் தேய்ந்து வரும். உருளைக்கு முன்னால் ஒரு பாதுகாப்புத் தடி உண்டு. கை அதில் லேசாகப் பட்டாலே மெஷின் நின்றுவிடும். அது ஏன் நிற்கவில்லை?

"தடியைக் கட்டியெல்லோ கிடக்கு," என்றார் அக்கா. துணி தட்டுப்பட்டாலும் தடி மெஷினை நிறுத்திவிடும், திரும்ப ஓட வைக்க நேரம் பிடிக்கும், அதனால் பல மாதங்களாகவே கட்டித்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். "கட்டாட்டி நீங்கள் கேக்கிற கவுண்ட் வராது தங்கச்சி."

ஒரு மணித்தியாலத்தில் எத்தனை விரிப்பு தேய்ந்து வருகிறது என்ற எண்ணிக்கைதான் கவுண்ட். அவர் என்னைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது போலச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

அந்த நேரம் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். டொக்டரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். எண்ணெய் என்றுதான் என்றார். நான் மகளையும் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"வாங்கோ, நானும் வாறன்."

உள்ளே போய், இது எங்கள் வேலையிடத்தில் மெஷின் சுட்ட காயம், நான்தான் இவருடைய மேனேஜர் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேலையிட விபத்துக்கான படிவத்தை எடுத்தார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை லோண்ட்ரி பூட்டியிருந்தது. பிக்கரிங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து தனியாகக் கார் ஓட்டிப் போய்த் திறந்து பார்த்தேன். மூன்று தேய்க்கிற மெஷின்களில் இரண்டில் தடி கட்டியிருந்தது. பழைய விரிப்பைக் கிழித்து எடுத்த துணிப்பட்டி. நூல் பிரியாமல் இருக்க ஓரம் மடித்து அழகாகத் தைத்திருந்தார்கள். எத்தனையோ தடவை நான் அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அந்த மெஷினடியில் நின்று "கவுண்ட் என்ன?" என்று கேட்டிருக்கிறேன். என் கண் எப்போதும் கவுண்ட் காட்டும் சின்னத் திரையில்தான் இருந்திருக்கிறது.

எங்கள் பெரிய மேனேஜருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். நல்ல மனிதர்தான். காயம் பட்டவருக்கு வேண்டியதைச் செய், படிவங்களை உடனே அனுப்பு, ஆனால் போர்டையும் மெஷின் விஷயத்தையும் வியாழக்கிழமை ஹோட்டல்காரர்கள் வந்து போனபிறகு பார்க்கலாமே என்றார். நான் அதுவரை அவரிடம் முடியாது என்று சொன்னதே இல்லை. அன்று சொன்னேன். தடி சரியாக வேலை செய்கிறதென்று டெக்னீஷியன் பார்த்துச் சொல்லும்வரை அந்த இரண்டு மெஷினும் ஓடாது என்றேன். அவர், வேலை பிந்தினால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்று போனை வைத்தார்.

திங்கள் காலை வேலை தொடங்குமுன் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டேன். எல்லோரும் பார்க்க, போர்டில் இருந்த எண்ணை அழித்துவிட்டுப் பூச்சியம் போட்டேன். அறை முழுக்க முணுமுணுப்பு. பின்னால் நின்ற ஒருத்தி, "அப்ப பார்ட்டி போச்சு" என்றாள். பல கண்கள் அக்காவின் கட்டுப் போட்ட கைக்குப் போயின. அவர் தலையைக் குனிந்தார்.

நான் கையில் வைத்திருந்த துணிப்பட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

"உதைக் கட்டினது ஆரெண்டு நான் கேக்கேல்லை. கட்ட வைச்சது நான்தான்," என்றேன். கவுண்ட், கவுண்ட் என்று அரித்தவள் நான், விபத்தே இல்லை என்று போர்டைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியவள் நான், இந்தக் காயத்துக்கு அக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, நான்தான் அவரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லி, அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். மேனேஜர் அழுகிறாளே என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

பிறகு, வேறு என்னென்ன உங்களுக்குப் பயமாக இருக்கிறது, சொல்லுங்கள் என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் விடாமல் நின்றேன். கடைசியில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் கையைத் தூக்கி, துணி வண்டி ஒன்றின் சில்லு இறுகிப்போய் மூன்று தடவை தன் மேல் சரிந்தது என்றார். அதோடு மடை திறந்தது. டிரையருக்குப் பின்னால் எப்போதும் தண்ணீர் நிற்கிறதாம். ஒருத்தி ஏற்கனவே விழுந்து, விழவில்லை என்று சொல்லியிருந்தாளாம். அவசர வாசலுக்கு முன்னால் பெட்டிகளாம். எழுதி எழுதித் தாளின் மறுபக்கமும் நிரம்பியது. விபத்தே இல்லாத இடம் என்று நான் பெருமைப்பட்ட இடம் அது!

அந்த இரண்டு மெஷினும் புதன்கிழமை மதியம்வரை ஓடவில்லை. விரிப்புகள் மலையாகக் குவிந்தன. நானும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு பழையபடி துணி மடிக்க நின்றேன். செவ்வாய்க்கிழமை பெரிய மேனேஜர் வந்தார். கடுகடுத்த முகத்தோடுதான் வந்தார். நான் எழுதி வைத்த தாளைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு இடமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். டிரையருக்குப் பின்னால் அவருக்கே கால் வழுக்கியது. அதற்குப் பிறகு அவர் வியாழக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை.

வியாழக்கிழமை ஹோட்டலிலிருந்து வந்த அம்மா போர்டில் இருந்த சின்ன எண்ணைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். பெரிய மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன், துணிப்பட்டி உட்பட. அந்த அம்மா தன் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். ஒப்பந்தம் இரண்டு வாரம் கழித்து வந்தது. அதனால்தான் வந்ததா என்று எனக்குத் தெரியாது. வராமல் போயிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்று தொடங்கி, காலையில் நான் கேட்கும் முதல் கேள்வி மாறியது. "இண்டைக்கு எது பயமாக் கிடக்கு?" என்பதுதான் அது. முதலில் சிரித்தார்கள். பிறகு பதில் சொன்னார்கள். சொன்னதை அன்றைக்கே திருத்தப் பார்த்தேன். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று அவர்களிடமே போய்ச் சொன்னேன். சின்னச் சின்ன முறைப்பாடுகள் கூடிவிட்டன, உன் இடம் மோசமாகிறதா என்று மேலிடத்தில் கேட்டார்கள். இடம் முன்பை விட நல்லது, இப்போது மறைக்கிறார்கள் இல்லை, அவ்வளவுதான் என்று பதில் எழுதினேன்.

கை ஆறியபிறகு அக்கா, அழுக்குத் துணி பிரிக்கும் பக்கத்துக்கு மாறினார். அங்கே தலைக்கு மேலே ஒரு இரும்புப் பாதையில் பெரிய பெரிய துணிப் பைகள் தொங்கியபடி நகரும். ஒரு பை ஒரு ஆளை விடப் பாரம்.

போன வருடம் கோடையில், ஒரு நீண்ட வார இறுதிக்கு முதல் நாள். வருடத்தில் எங்களுக்கு மிக நெருக்கடியான நாட்களில் ஒன்று. வண்டிகள் வாசலில் வரிசையாக நின்றன. திடீரென்று மேலே பைகள் எல்லாம் அசையாமல் நின்றன. அக்கா சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தார். நான் ஓடினேன். இடையில் இவ்வளவு மாறியும் என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "அக்கா, இண்டைக்கு முடிக்க வேணுமெல்லே!"

"வேலை பிறகு முடிப்பம். தள்ளி நில்லுங்கோ தங்கச்சி! எல்லாரும் அங்காலை போங்கோ!" என்று கத்தினார். அப்படிக் கத்தி நான் அவரைக் கண்டதே இல்லை. மேலே ஒரு பையின் கொக்கி வழமைக்கு மாறாக முனகுவது அவர் காதில் விழுந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினோம். மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் ஏணியோடு வந்து சேருமுன்பே கொக்கி விட்டது. ஈர விரிப்புகள் நிறைந்த பை நிலம் அதிர விழுந்தது. சற்று முன்பு அந்த இடத்தில் இரண்டு பேர் நின்று துணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி கர்ப்பிணி.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அக்கா என்னிடம் வந்து, "எல்லாருக்கும் முன்னாலை உங்களை அதட்டிப்போட்டன், குறை நினைக்காதேங்கோ" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அன்றைய வேலை அன்று முடியவில்லை. பெரிய மேனேஜர் போனில் காரணம் கேட்டுவிட்டு, முதலில் பொத்தானை அழுத்திய அந்த அம்மாவிடம் போனைக் கொடு, நன்றி சொல்ல வேண்டும் என்றார்.

இத்தனை வருட வேலையில் எனக்கும் சில பாராட்டுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் நான் பெருமையாக நினைப்பது எது என்று யாராவது கேட்டால், ஆபத்து என்று கண்டால் மேனேஜர் என்றும் பாராமல் என்னை அதட்டி விலக்கக்கூடியவர்கள் என் கீழ் வேலை செய்கிறார்கள் என்பதைத்தான் சொல்வேன்.