வாய் திறக்காமல் ஒரு கத்து

ஆறு வருடத்துக்கு முன்பு, ஓணத்துக்கு முந்தைய வாரம், கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஒரு அம்மாள் கசவுச் சேலையின் சரிகைக் கரையைக் காட்டி விலை கேட்டார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வலது கன்னத்தில் கரண்டு பாய்ந்தது. அப்படியே கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்து, அந்த அம்மாள் சேலையை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

என் பெயர் கிரேஸ் மலர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பதினேழு வருடமாகச் சேலை விற்கிறேன். என் கணவர் செல்வராஜ் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். சபையில் என்னைத் தெரியாதவர்களுக்கும் என் வாயைத் தெரியும். பாட்டுக் குழுவில் முன் வரிசை. அந்த வாயைத்தான் ஒரு நோய் வந்து பூட்டியது. ஆண்டவர் அதை எப்படித் திறந்தார் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நானே இப்போது சிரிக்கிறேன்.

முதலில் பல் என்று நினைத்தோம். நல்ல பல் இரண்டைப் பிடுங்கிப் போட்டேன். கரண்டு நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு டாக்டர் என் கணவரிடம், வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று கேட்டார். ஒரு வருடம் அலைந்த பிறகுதான் நரம்பு டாக்டர் ஒருவர், இது முக நரம்பில் வருகிற வலி, பொய்யில்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் அறையிலேயே அழுதேன். அழுததிலும் வலித்தது.

மாத்திரை தந்தார்கள். தூக்கம்தான் வந்தது. முகம் கழுவினால் வலி. மின்விசிறிக் காற்று பட்டால் வலி. சோறு மெல்ல முடியாது. ஊருக்கெல்லாம் பரோட்டா வீசுகிற மனுஷன் வீட்டுக்கு வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சினார். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைக்காமல் நிற்பேன். பிறகு நிற்பதையும் விட்டேன். ஒரு மத்தியானம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, "ஆண்டவரே, ஒன்று வலியை எடும், இல்லையென்றால் என்னை எடும்" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு இன்று வரை அவரிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேலையும் போகிற நிலைமை. வாயைத் திறக்காமல் சேலை விற்க முடியுமா? மாதத்தில் பத்து நாள் லீவு. கடை அண்ணாச்சி கெட்டவரில்லை. ஒருநாள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மலரு, எனக்கு வெளங்குது. ஆனா ஒனக்கு மட்டும் இப்படி லீவு குடுத்தா மத்த பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்ல? சீக்குன்னு ஒரு சர்க்கார் சர்டிபிகேட் கொண்டா. ஒன் எடத்த நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

சர்டிபிகேட்டுக்காகச் சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். "கண்டா ஒரு குழப்பமும் இல்லல்லோ" என்றார். பார்த்தால் ஒரு கோளாறும் தெரியவில்லையாம். கண்ணுக்குத் தெரியாத வலி அவர்களுடைய பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததற்கு முத்திரை குத்த முடியாது. அவர் மேலும் தப்பில்லை. ஆனால் ஓணம் வரைதான் அண்ணாச்சி பொறுப்பார் என்பது எனக்குத் தெரியும்.

நான் மருந்து வாங்கப் போகிற வலி சிகிச்சை கிளினிக்கில் லிசி சிஸ்டர் என்று ஒரு நர்ஸ். மலையாளி. அவர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். தீராத வலியோடு வாழ்கிறவர்களுக்குச் சர்டிபிகேட்டும் லீவும் மருந்தும் கிடைக்கும்படி ஒரு எம்.எல்.ஏ. சொந்தமாக ஒரு மசோதா கொண்டுவருகிறாராம். மற்ற உறுப்பினர்கள் ஆதரித்தால்தான் நியமசபையில், அதாவது இங்கத்துச் சட்டசபையில், அது எடுபடும்.

"சேச்சிடெ எம்.எல்.ஏ.க்கு ஒரு கத்து எழுதணம்" என்றார்.

மலையாளத்தில் கத்து என்றால் கடிதம். இது எனக்குத் தெரியும். ஆனாலும் தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும்? வாயையே திறக்க முடியாதவளிடம் கத்து என்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் இதை ஜெபக்குறிப்பாக வைத்தேன். ஒரு அக்கா, "ஆண்டவர்கிட்ட கேக்கிறத விட்டுட்டு எம்.எல்.ஏ.கிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. "வேலைக்கு ஜெபிக்கிற பிள்ளைங்க விண்ணப்பம் போடாமலா இருக்கு? ஜெபத்துக்கும் விண்ணப்பம்னுதானக்கா சொல்றோம்" என்றேன். இவ்வளவு பேசியதற்குக் கன்னம் அன்று முழுவதும் என்னைத் தண்டித்தது. ஆனால் அந்த அக்காதான் முதல் ஆளாக வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார்கள்.

கடிதத்தை மலையாளத்தில் நானே எழுதினேன். எழுத்துக் கூட்டி எழுதத் தெரியும். பஸ் போர்டும் ஜவுளி லேபிளும் படித்துக் கற்றுக்கொண்டது. இங்கேதான் ஒரு யோசனை செய்தேன். லிசி சிஸ்டர் எப்போது பார்த்தாலும் "வேதன எங்ஙனெயுண்டு" என்றுதான் கேட்பார். வலி எப்படி இருக்கிறது என்று அர்த்தம். நமக்கு வேதனை என்றால் மனசில் வருவது. ஏற்கெனவே ஒரு டாக்டர் என்னை மனசுக்காரி ஆக்கிவிட்டார். எம்.எல்.ஏ.வும் அப்படி நினைத்துவிடக் கூடாது. அதனால் ஒரு இடத்தில்கூட வேதனை என்று எழுதாமல், வரிக்கு வரி வலி என்றே எழுதினேன். சிஸ்டரிடம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. இத்தனை வருடம் மலையாளத்தில் சேலை விற்றவள் என்ற திமிர்.

எழுதியது ஏறக்குறைய இதுதான்: "எனக்கு நான்கு வருடமாக வலி உண்டு. எத்தனையோ மருந்து சாப்பிட்டும் வலி நிற்கவில்லை. வலிக்கும்போது வாயில் தீ வைத்ததுபோல இருக்கும். வலி காரணமாகக் கடையில் வேலை செய்ய முடியவில்லை. என்னைப்போல வலி உள்ள பெண்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள், வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. எங்களைக் காக்க வருகிற மசோதாவைத் தயவுசெய்து ஆதரியுங்கள்."

பார்த்துப் பார்த்துப் பதிமூன்று பிரதி எழுதினேன். எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று, மற்ற உறுப்பினர்களுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு உறையின் மேலும் கை வைத்து ஜெபித்தேன். என் கணவர் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து எங்கள் எம்.எல்.ஏ. அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே பிரித்தேன். உள்ளே ஒரு கடிதம், கூடவே ஒரு நோட்டீஸ். நோட்டீஸில் ஒரு சிகரெட் படம், அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு லிசி சிஸ்டரிடம் ஓடினேன்.

சிஸ்டர் படித்தார். என்னிடம் இருந்த முதல் பிரதியைக் கேட்டு வாங்கி அதையும் படித்தார். பிறகு தலையில் கை வைத்தார்.

"என்றெ சேச்சி, மலையாளத்தில வலின்னா பீடி சிகரெட் வலிக்கிறது. சேச்சி நாலு வர்ஷமா சிகரெட் நிறுத்த முடியாத ஆளுன்னு எழுதியிருக்கு."

பதில் கடிதத்தில், புகைபிடிப்பது பற்றி இப்போது மசோதா எதுவும் இல்லை என்றும், ஆனாலும் ஒரு பெண் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட தைரியத்தைப் பாராட்டுவதாகவும், அருகில் இருக்கும் ஆலோசனை மையத்துக்குப் போகும்படியும் எழுதியிருந்தது. ஜெபித்து, உபவாசம் இருந்து, கை வைத்து அனுப்பிய கடிதம். பதிமூன்று எம்.எல்.ஏ. மார் மேஜையில் நான் சிகரெட் பிடிக்கிறவள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கம் ஒரு பக்கம். ஆண்டவர் மேல் கோபம் ஒரு பக்கம். "எழுதும்போது கையைப் பிடித்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். என் கணவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். கடைசியில் ஒன்று சொன்னார்.

"ஏட்டி, ஒங் கத்த ஒருத்தராவது முழுசாப் படிச்சிருக்காவல்லா. சரியா எழுதுனவங்க கத்தெல்லாம் படிச்சாவளோ என்னமோ, யாரு கண்டா?"

அது எவ்வளவு உண்மை என்று நான்காம் நாள் தெரிந்தது. எம்.எல்.ஏ.வின் உதவியாளர் போன் செய்தார். அந்தக் கடிதம் எம்.எல்.ஏ.வின் மனசை என்னவோ செய்துவிட்டதாம். அத்தனை தைரியமான பெண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாராம். வெள்ளிக்கிழமை காலை வரச் சொன்னார். நான் இல்லை இல்லை என்று விளக்கப் பார்த்தேன். கன்னம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை முகத்தைச் சால்வையால் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போனோம். ஜெபக்கூட்டப் பெண்கள் அவரவர் வீட்டில் உபவாசம் இருந்தார்கள். எம்.எல்.ஏ. ஐம்பது வயதிருக்கும் அம்மாள். எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "எத்ர வர்ஷமாயி வலி துடங்ஙியிட்டு?" என்று, எத்தனை வருடமாகப் பிடிக்கிறேன் என்று, தங்கையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்கள்.

மேடம், தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடி நின்றது. அப்படி ஒரு வலி அதற்கு முன்பு வந்ததில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, சத்தம் வரவில்லை. கையை மட்டும் உயர்த்தினேன். என் கணவர் அவசரப்படாமல், "கொஞ்சம் பொறுங்க மேடம், போயிரும்" என்றார். ஒரு நிமிடம் இருக்கும். வலி இறங்கியதும் முதல் வார்த்தையாக, "மேடம், இது வலியல்ல, வேதன" என்றேன்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேஜையில் என் கடிதம் இருந்தது. அதை எடுத்து, ஒவ்வொரு வலியையும் வேதனை என்று மாற்றி முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தார்கள். பிறகு உதவியாளரிடம் அந்த மசோதாவின் நகலைக் கொண்டுவரச் சொன்னார்கள். அது மாதக்கணக்கில் அந்த அலுவலகத்திலேயே கிடந்ததாம். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

சபையாரே, அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நான் சரியாக எழுதியிருந்தால் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்திருக்கும். என் கையை ஆண்டவர் பிடிக்காமல் விட்டதே உதவிதான்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அந்த அம்மாள் மற்ற உறுப்பினர்களிடம் போய்ப் பேசினார்கள். என் கணவர் ஓட்டலில் சாப்பிட வருகிறவர்களிடம் பேசினார். ஜெபக்கூட்டப் பெண்கள் இந்த முறை லிசி சிஸ்டர் திருத்திய கடிதத்தைப் பார்த்து எழுதி எழுதி அனுப்பினார்கள். ஓணம் வந்தது. அண்ணாச்சி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "மசோதா என்ன ஆச்சு?" என்று தினமும் கேட்டார்.

மசோதா வந்த நாள் நாங்கள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே பேசக் கூடாது, கை தட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் எம்.எல்.ஏ. எழுந்து, ஒரு தமிழ்ச் சகோதரி எழுதிய கத்து என்று தொடங்கினார்கள். வலி கதை வந்ததும் சபை முழுவதும் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, அந்தச் சகோதரி என் முன்னால் ஒரு நிமிடம் வாய் திறக்க முடியாமல் இருந்தாள், அந்த ஒரு நிமிடத்தை உங்களுக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார்கள். சிரித்த சபை அப்படியே அடங்கிப்போனது. எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி, யாரும் இருமக்கூட இல்லை. இத்தனை வருடமாக என்னை மட்டும் பிடித்து வைத்திருந்த அந்த மௌனத்தில், அன்று நாட்டை ஆளுகிறவர்கள் என்னோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அமைச்சர் எழுந்தார். இதை அரசே தன் மசோதாவாகக் கொண்டுவரும் என்றார். மேஜைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. லிசி சிஸ்டர் என் கையை நசுக்கினார். என் வாய் அன்றும் மூடித்தான் இருந்தது, ஆனால் முதல் தடவையாகச் சந்தோஷத்தால். அடுத்த கூட்டத்தொடரில் அது வந்தது. எல்லாரும் சேர்ந்து நிறைவேற்றினார்கள்.

போன மாதம் அதே ஆபீஸ் கவுண்டருக்குப் போனேன். அதே ஆள். இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை, டாக்டர் எழுதிய தாளைப் பார்த்தார். முத்திரை விழுந்த சத்தம் எனக்குப் பாட்டாகக் கேட்டது. அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சர்டிபிகேட்டைப் பிரிக்காமலே கவுண்டருக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். வலி வருகிற நாளில் கையை உயர்த்துவேன். பக்கத்துப் பெண் வந்து என் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வாள்.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. புது மருந்தில் குறைந்திருக்கிறது. நல்ல நாள் அதிகம், கெட்ட நாள் கொஞ்சம். சென்ற ஞாயிறு பாட்டுக் குழுவில் நின்றேன். ஒரு சரணம் பாடினேன். இரண்டாவது சரணத்தில் கை உயர்த்தினேன். என் பங்கையும் சேர்த்து மற்றவர்கள் பாடினார்கள்.

இப்போது சனிக்கிழமைதோறும் கிளினிக்கில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறேன். எழுதியதைச் சிஸ்டரிடம் காட்டாமல் அனுப்புவதில்லை. அந்தச் சிகரெட் நோட்டீஸை என் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

உங்களில் யாராவது கண்ணுக்குத் தெரியாத பாரத்தோடு உட்கார்ந்திருந்தால், உங்களிடம்தான் சொல்கிறேன். ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு எழுந்து போய்க் கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள். சரியான வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் வாய் திறக்க முடியாதவள், எழுதியதும் தப்பு. ஆனாலும் என் கத்து கேட்கப்பட்டது.