பேரையூரில் பென்குயின் விசாரணை

பேரையூர் பஸ் ஸ்டாண்டில் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. நண்பன் செல்வராஜுக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறோம். தென்துருவப் பனியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் ஜெனரேட்டரை ஓராண்டு பராமரித்துவிட்டு, போன மாதம்தான் அவன் ஊர் திரும்பினான். எங்களை அழைத்துப்போகப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பா வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் டீக்கடை பெஞ்சிலேயே விசாரணையைத் தொடங்குகிறார்.

"அங்க குளிப்பீகளா?"

"வாரத்துக்கு ஒருக்கா, மாமா. பனிய உருக்கித்தான் தண்ணி." பெண்ணைப் பார்க்கும் முன்பே மாமா!

அவர் முகத்தில் சம்பந்தம் பாதி முறிந்துவிட்டது. "அம்புட்டுக் குளிர்ல என்னதான்யா உசுரோட கிடக்கும்?"

செல்வராஜுக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. நான் அவன் காலை மிதித்தும் பயனில்லை.

"மீனுக்கு ரத்தமே உறையாது, மாமா. பென்குயினுக ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும். வெளிய நிக்கிறது உள்ள போகும், உள்ள இருந்தது வெளிய வரும். பெரிய சாதிப் பென்குயின்ல பொட்டை முட்டைய இட்டுட்டு இரை தேடிக் கடலுக்குப் போயிரும். ஆணுதான் முட்டையக் கால்மேல வச்சு, வயித்துத் தோலால மூடி, ரெண்டு மாசம் பட்டினியா நிக்கும்."

"கூறுகெட்ட பறவை" என்கிறார் அவர்.

குடைக்குள் நின்ற அவர் மனைவி, "அஞ்சு பெத்தேன். ஒரு பிள்ளையவாவது தூக்கியிருப்பீகளா?" என்று கணவரைக் கேட்கிறார். டீ ஆற்றுகிறவர் கை நின்றுவிடுகிறது.

அந்த அம்மா செல்வராஜின் பையை வாங்கிக் கணவர் கையில் திணிக்கிறார்.

"நீங்க வாங்க மாப்ள. இவுக தூக்கிட்டு வருவாக."