ஊர் தெரிந்த பாம்பு

போன செவ்வாய்க்கிழமை கூரியரில் ஒரு கவர் வந்தது. அனுப்பியவர் கும்மிடிப்பூண்டி சலீம். பிரித்தால், லேமினேட் செய்த ஒரு தாள். பதினோரு பாம்புக்குட்டிகளுக்கான பிறப்புச் சான்றிதழ்!

சிரிக்காதீர்கள். நானும் சிரித்தவன்தான். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. 'தாயின் ஊரை உறுதி செய்தவர்' — அதற்கு நேரே என் பெயர்.

ஒரு வாரமாக மனசு சரியில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உங்களை விட்டால் எனக்கு யார்?

சலீம் (பெயரை மாற்றியிருக்கிறேன்) பழவேற்காட்டுக்காரர். குடும்பத்தில் எல்லோருக்கும் இறால் வியாபாரம். இவர் மட்டும் டிப்ளமா முடித்து, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் தரப் பரிசோதகராக இருக்கிறார். வீட்டில் ஒரு அறை முழுக்கப் பிளாஸ்டிக் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு பாம்பு. எல்லாம் 'கார்ன் ஸ்நேக்' என்கிற அமெரிக்கச் சாதி. விஷம் கிடையாது. மனிதருக்குச் சிகரெட் இல்லை, சீட்டு இல்லை... இது ஒன்றுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் முதல்முறை போனபோது இரண்டு பெண் குட்டிகளைக் காட்டினார். ஒரு பெட்டியின் லேபிளில் அமெரிக்காவின் கரோலினா பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். இன்னொன்றில், 'ஊர் தெரியாது'.

"இதோட தாத்தன எந்த ரோட்டோரம் புடிச்சாங்கன்னுகூட எழுதி வெச்சிக்கிறாங்க சார். அது சென்னையில கடையில வாங்கினது. எந்த ஊருன்னு கடைக்காரனுக்கே தெரியாது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பாக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது சார். ஆனா ஒரு வாட்டி கலந்துட்டா அப்புறம் பிரிக்க முடியாது. எங்க மில்லுலயும் அப்பிடித்தான். கம்பி எவ்ளோ நல்லா இருந்தாலும், எந்த வாட்டி உருக்கினதுல வந்துச்சின்னு நம்பர் இல்லன்னா ஸ்கிராப்பு."

"தான் எந்த ஊர்னு பாம்புக்குத் தெரியுமா?"

"அதுக்குத் தெரியாது சார். அதனாலதான் நாம தெரிஞ்சி வெச்சிக்கணும்."

சொல்லிவிட்டு ஒரு குட்டியை என் கையில் விட்டார். அவர் மனைவி ஜரீனா என் கேமராவில் ஒரு படம் எடுத்தார். படத்தில் பாம்பு தெளிவாக இருக்கிறது. நான்தான் பயத்தில் கண்ணை இறுக்க மூடியிருக்கிறேன்.

அப்புறம் கம்பெனி சலீமை எட்டு மாதம் புனேவுக்கு அனுப்பியது. அந்த நேரம் பார்த்து மழை. ஒரு மத்தியானம் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பெட்டிகள் மிதக்கின்றன. லேபிள்கள் ஊறிப் போய்விட்டன. பாம்பென்றால் ஜரீனாவுக்கு உயிர் போகும். எட்ட நின்று இடுக்கியால் எலி போடுகிறவர். அன்றைக்கு வெறுங்கையால் அள்ளினார். தரைமட்டத்தில் இருந்த இந்த இரண்டு குட்டிகளையும் ஒரே தலையணை உறையில் போட்டுக்கொண்டு தண்ணீர் வடிகிறவரை கட்டில் மேல் நின்றார்.

ஒரே உறையில்... அதுதான் அவர் செய்த குற்றம்.

சலீம் திரும்பி வந்தபோது குட்டிகள் வளர்ந்து நிறம் மாறியிருந்தன. எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை. லேபிள்தான் இருக்கிறதே என்று படம்கூட எடுத்து வைக்காதவர். அதே கரோலினா ஊர் ஆண் பாம்பு ஒன்று பெங்களூரில் மாப்பிள்ளையாகக் காத்திருந்தது. பெண்ணின் ஊர் உறுதியானால்தான் தருவார்களாம். சலீம் மனைவியிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு எனக்கு போன். "சார், அன்னிக்கு போட்டோ எடுத்தீங்களே... நெறம் மாறும் சார், தலை மேல கீற கோடு மாறாது."

போன வருஷம் ஒரு ஞாயிறு காலை படத்தோடு போனேன். சலீம் பாம்பு அறையில் இருந்தார். டீ கொண்டுவந்த ஜரீனா குரலைத் தாழ்த்தினார்.

"எதையாச்சும் ஒண்ணு சொல்லிடுங்கண்ணே. அவரு என் மூஞ்சியப் பாத்துப் பேசி ரெண்டு மாசமாச்சி. கைக்கொழந்த மாதிரி அதுங்களத் தூக்கிக்கினு நின்னேன். எது எந்த ஊருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

படத்தில் இருந்த கோடு ஒரு பாம்போடு அச்சாகப் பொருந்தியது. சலீம் என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு உங்க கையில எதைக் குடுத்தேன் சார்? எனக்கு சுத்தமா ஞாபகம் இல்ல."

எனக்கு மட்டும் இருக்குமா? கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் நான்!

"ஊர் தெரிஞ்சதைத்தான் கொடுத்தீங்க. நல்லா ஞாபகம் இருக்கு."

சலீம் திரும்பினார். "ஜரீனா, சாருக்கு நாஷ்டா எடுத்து வைம்மா."

இரண்டு மாதத்தில் முதல் பேச்சு. ஜரீனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த பெருமையில் ரயிலேறினேன்.

யோசித்துப் பார்த்தால் எல்லோருடைய ஊரும் யாரோ சொன்னதுதான் இல்லையா? என் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஊர் திருப்பாச்சூர். பிறந்தது திருவள்ளூர் ஆஸ்பத்திரியில். அப்பா சொன்னார், தலைமையாசிரியர் எழுதினார், முடிந்தது கதை. இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வரை அது போதுமானதாகவும் இருந்தது.

கவரைப் பார்த்ததும் சலீமுக்கு போன் செய்தேன். குரலில் அத்தனை சந்தோஷம். நாலு குட்டி பெங்களூருக்கு, இரண்டு கொல்கத்தாவுக்குப் போய்விட்டதாம். ஒவ்வொன்றோடும் என் பெயர் போட்ட தாள். அவற்றுக்குக் குட்டி பிறந்தால் அந்தத் தாளைப் பார்த்து இன்னொரு தாள் எழுதுவார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்டுவிட்டது. "அந்த இன்னொண்ணு எப்படி இருக்கு?"

"அதா சார்? ஊரு இல்லாதத வெச்சிக்கினு இன்னா பண்றது... திருநின்றவூர்ல ஒருத்தர் கேட்டாரு, குடுத்துட்டேன். மொட்ட மாடியில வெச்சிட்டாரு போல. நல்ல வெயிலு... போயிடுச்சி சார்."

ஏதோ செடி வாடிப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? 'ஊர் இல்லாதது' என்று அதற்குப் பட்டம் கட்டியது நான். ஒருவேளை அதுதான் கரோலினாக்காரியோ?

இந்தப் பத்தியை சலீம் ஒரு வாரம் விடாமல் படிப்பவர். பெயரை மாற்றினால் மட்டும் அவருக்குத் தெரியாதா?

சலீம், திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்... வீட்டில் மட்டும் பேச்சை நிறுத்திவிடாதீர்கள்.